அரக்குச் சிவப்பு மல்லி

"ஐயையோ, ஓடி வாங்க! மல்லி செவந்துடுச்சு!"

கொல்லையிலிருந்து மனைவி அம்சவேணி போட்ட கூச்சலில், வேலாயுதம் கையிலிருந்த காப்பி வேட்டியில் கொட்டியது. அப்படியே ஓடினார். ஆறிக் கிடந்த சாயத் தொட்டியிலிருந்து ஏறி வந்து உடம்பை உதறிக்கொண்டிருந்தது நாய். காலையில் தும்பைப் பூப்போல வெள்ளையாக இருந்தது. இப்போது முகூர்த்தப் புடவைக்குப் போடுகிற அசல் அரக்குச் சிவப்பு.

சொந்த நாயாக இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இது பட்டுக்கடை முதலாளி தர்மதாஸ் நயினார் வீட்டு நாய்.

ஐந்து நாள் இதை விட்டுவிட்டுப் போவதற்கு நம்பகமான வீடு வேண்டுமென்று அவர் அலைந்த அலைச்சல் காஞ்சிபுரத்துக்கே தெரியும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். முசரவாக்கத்து உறவினர் வீட்டில் பூனை இருந்தது, வேண்டாம். வாலாஜாபாத் அரிசி மில்காரர் வீட்டில் ஓயாத இரைச்சல், அதுவும் வேண்டாம். கடைசியில் சாயக்கார வேலாயுதம் வீட்டு வாசலில் வந்து நின்றார். சைவக் குடும்பம், கறி மீன் வாசனையே கிடையாது, வாக்குத் தவறாத மனுஷன் என்று ஊரில் பெயர்.

"சிரவணபெளகுளம் அபிஷேகத்துக்குப் போறேன்பா வேலாயுதம். எங்க ஜைன வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பொழுது சாயறதுக்கு முன்னாடி சோறு வெச்சுடணும். அப்புறம் தண்ணிதான். வெங்காயம், பூண்டு, கெழங்கு எதுவும் கூடாது. எங்க வீட்டம்மா வந்தவாசிப் பக்கம் தாயாருக்குத் துணையாப் போயி மூணு மாசம் ஆவுது. அவங்களை அழைச்சுக்கினு வெள்ளிக்கிழமை நேரா இங்கதான் வருவேன். மல்லின்னா அவங்களுக்கு உசுரு."

"எம்பொண்ணு மாதிரி பாத்துக்கறேன் முதலாளி."

"நல்லபடியா ஒப்படைச்சியானா, கடையோட மொத்தச் சாய வேலையும் உனக்குத்தான்."

அந்த ஒரு வார்த்தையில் வேலாயுதத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆளாளுக்குக் கொண்டுவரும் சில்லறை நூலை நனைத்துக் காலம் தள்ளிய மனிதருக்கு, இது கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிற யோகம். நாய்தான் கொஞ்சம் கர்வம் பிடித்ததாக இருந்தது. "மல்லி, மல்லி" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய இடத்து நாய் அப்படித்தான் இருக்கும் என்று அம்சவேணி சமாதானம் சொன்னாள்.

இன்று வியாழன். விடிந்தால் வெள்ளி!

"அம்சா, அதைப் புடிச்சுக்கினு இரு. நான் தண்ணி எறைச்சாறேன்!"

அவர் கிணற்றிலிருந்து இரண்டு குடம் தூக்கி வருவதற்குள் அம்சவேணி காரியத்தை முடித்துவிட்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

"புளியக் கரைச்சு நல்லா அழுத்தித் தேய்ச்சுட்டேங்க. செப்புக் கொடமே பளபளன்னு ஆயிடுது, நாயி ஆவாதா?"

வேலாயுதம் குடத்தைக் கீழே போட்டார்.

"அடிப்பாவி! சாயம் நூல்ல நிக்கணும்னுதான்டி நாம புளிப்பே சேக்கறது! இனிமே அது ஜென்மத்துக்கும் போவாது!"

"என் சாயம் போகவே போகாது" என்று முப்பது வருஷமாக ஊரெல்லாம் மார்தட்டியவர், முதல் தடவையாகத் தன் தொழிலைத் தானே சபித்தார்.

அடுத்து, பட்டு நூலைப் பக்குவம் செய்கிற சவுக்காரத்தை எடுத்து, நாலு குடம் தண்ணீரில் தேய்தேய் என்று தேய்த்தார். நாய் போட்ட ஊளையில் தெருவே எட்டிப் பார்த்தது. பலன் இல்லாமல் போகவில்லை. உடம்பு ரோஸ் ஆனது. காதும் வாலும் மட்டும் பிடிவாதமாக அரக்கிலேயே நின்றன.

பக்கத்து வீட்டு நெசவாளி பஞ்சாட்சரம் மதில்மேல் தலையை நீட்டினார்.

"இன்னாபா வேலாயுதம், ஒடம்பு ரோஸு, பார்டர் அரக்கு! ஜரிகை ஒண்ணுதான் பாக்கி. கல்யாணத்துக்கே கட்டலாம்!"

"யோவ், என் பொழப்பே போவுதுய்யா!"

அரிசி மாவை அள்ளி அதன்மேல் அப்பிப் பார்த்தார்கள். நாய் பாதியைத் தும்மித் தள்ளியது, மீதியை நக்கித் தின்றது. வேலாயுதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பஞ்சாட்சரம் மதிலைத் தாண்டி வந்து குரலைத் தாழ்த்தினார். "செவிலிமேட்டுல பஸ் நிக்கிற டீக்கடையாண்ட ஒரு வெள்ளை நாயி சுத்திக்கினு இருக்குது. அச்சு அசல் இதே தினுசு. கேக்க நாதி இல்ல."

"ஆளை ஏமாத்தறதா? பாவம் இல்லையா?"

"ரோஸ் நாயை வெச்சுக்கினு நியாயமா பேசறே?"

பத்தாவது நிமிஷம் இருவரும் சைக்கிளில் செவிலிமேட்டை நோக்கிப் பறந்தார்கள். டீக்கடையில் வாங்கிய ஒரு பன்னுக்கே வெள்ளை நாய் கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பொழுது சாய்வதற்குள் குளிப்பாட்டி, வெங்காயம் இல்லாத சோறும் வைத்தாயிற்று. பழகட்டும் என்று வேலாயுதம் "மல்லி" என்று ஒரு முறை கூப்பிட்டார். நாய் நாலுகால் பாய்ச்சலில் வந்து அவர் மார்பில் ஏறியது.

"அம்சா, பாத்தியா! ஒரே தடவையில பேரைக் கத்துக்கிச்சு! ஏகாம்பரநாதர் நம்மைக் கைவுடலடி!"

ரோஸ் நாய், பஞ்சாட்சரத்தின் தறிக்குழிக்குள் கட்டிப்போடப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியின் வண்டிக்காரர் கலியனின் ஜட்கா வந்து நின்றது. முதலாளியம்மா குணமாலா ஒரு காலைக் கீழே வைத்தாரோ இல்லையோ, வெள்ளை நாய் அவர்மேல் பாய்ந்தது. அது வாலை ஆட்டிய வேகத்தில் உடம்பே ஆடியது.

"என் கண்ணு மல்லி! மூணு மாசம் ஆயும் என்னை மறக்கல பாருங்க!" அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

தர்மதாஸ் நாயைப் பார்த்தார். வேலாயுதத்தைப் பார்த்தார். மறுபடியும் நாயைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்து, நெற்றி வியர்த்துக் கொட்டியது. கண்டுபிடித்துவிட்டார் என்று வேலாயுதம் இரண்டு கையையும் கூப்பினார்.

"முதலாளி, என்னை மன்னிச்சுடணும், ஒரு விஷயம்..."

"பேசாதே!" என்று பதறினார் தர்மதாஸ். "ஒரு வார்த்தை பேசாதேப்பா! நாளைக்கே நூல் அனுப்பறேன். மொத்த வேலையும் உனக்குத்தான்!"

மனைவியையும் நாயையும் வண்டியில் ஏற்றி, தானும் ஏறி, படுதாவைச் சரக்கென்று இழுத்துவிட்டார். வேலாயுதத்துக்கு நடுத்தெருவில் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கும்பிட்ட கையை இறக்கவே மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது ரோஸ் நாய். வண்டிக்குப் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த கலியனிடம் நேராக ஓடி, அவர் கையை ஆசையோடு நக்கியது. கலியன் குனிந்து நாயின் முகத்தை உற்றுப் பார்த்தார். விரலால் அதன் காதைத் தேய்த்துப் பார்த்தார். படுதாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வேலாயுதத்தின் காதருகே வந்தார்.

"இன்னாபா, முதலாளிக்கு நான் பாலாத்தாண்டை புடிச்சாந்து குடுத்த நாயிக்கு ரோஸ் அடிச்சு வெச்சிருக்கே? அசல் மல்லி தொலைஞ்சு ரெண்டு மாசம் ஆவுது, அந்தப் பழியை உன் தலையில கட்டலாம்னு அவரு இதைக் கொண்டாந்து உட்டா, நீ அசலையே புடிச்சாந்து குடுத்துட்டியே!"