மூச்சுப் பட்ட மூட்டை

மூச்சு மகான் வந்த நாள் முதல் உருளைக்கிழங்குக்கு வந்த வாழ்வைச் சொல்லி மாளாது. தெருமுனை வரை ஆளும் மூட்டையுமாக வரிசை. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் கிழங்கைத் தூக்கி வந்தார்கள். கிழங்கை அழுக வைப்பது ஒரு தீய சக்தியாம். மகான் மூன்று முறை ஊதினால் அது ஓடிவிடுமாம். அவர் வாயில் வீசிய வெங்காய வாடைக்கு எந்தச் சக்தியும் ஓடத்தான் செய்யும். காணிக்கை, மூட்டைக்கு ஒரு கூடை. அதுவும் பொறுக்கியெடுத்த நல்ல கிழங்கு. அழுகலில் மகான் பங்கு கேட்பதில்லை.

கிடங்குக்காரரும் போய் நின்றார். அவருடைய விதைக்கிழங்கில் பாதி கொழகொழத்துவிட்டது. மிச்சமும் போனால் அடுத்த பருவத்துக்கு நட ஒன்றுமில்லை. மனிதருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மூன்று மூட்டைக்கு ஊதல் முடிந்ததும் அவர் மனைவி குறுக்கே வந்தாள்.

"ஊதுன மூணும் பழைய இடத்துலயே கிடக்கட்டும். அதே ஈரத் தரை, அதே மூடுன கதவு. ஊதாத மூணு மூட்டைய நான் பாத்துக்கறேன்."

"ஏதாவது ஆயிடப் போகுதுடி."

"என்ன ஆகும், அழுகுமா? அதுதான் ஏற்கெனவே அழுகுதே."

அவள் தன் பங்கில் வெட்டுப்பட்டதையும் அடிபட்டதையும் ஒதுக்கினாள். பூஞ்சை நுழைவது அந்தக் காயத்தின் வழியாகத்தான். மற்றதை ஈரம் போக உலர்த்தி, குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இருட்டறையில் பலகை மேல் பரப்பினாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டு பங்கையும் வரிசையில் நின்றவர்கள் முன்னால் கொட்டினாள். ஊதியது மூக்கைப் பொத்த வைத்தது. ஊதாதது கல்லுப்போல் இருந்தது.

மகான் அசரவில்லை. "நம்பிக்கை பத்தலம்மா."

"யாருக்கு, எனக்கா கிழங்குக்கா? சரி, நம்பிக்கை பத்துன கிழங்கைக் காட்டுங்க. எங்ககிட்ட வாங்குன கூடையெல்லாம் எங்கே?"

காணிக்கை அறையைத் திறந்தால் கண் போய்விடும் என்றார் மகான். கிடங்குக்காரர் போய்த் திறந்தார். கண் போகவில்லை, நன்றாகவே தெரிந்தது. அடுக்கடுக்காகப் பலகைத் தட்டு, சுவரில் வெப்பமானி, மூலையில் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறி. ஒரு கிழங்குகூட அழுகவில்லை.

"ஏங்க, உங்க கிழங்குக்கு மட்டும் ஃபேன் ஊதுதா?" என்றாள் அவள்.

மகானுக்கு அன்றுதான் மூச்சு நின்றது. கூடைகளை அவரவர் தூக்கிக்கொண்டு போனார்கள். கிடங்குக்காரர் மாலையே பலகை அடித்தார்; மிச்ச விதை பிழைத்தது.

பூட்டியே வைத்தால் அழுகுவது கிழங்கு மட்டுமில்லை, ஐயா. மூளையையும் கொஞ்சம் காற்றாடத் திறந்து வையுங்கள்.