குறையாத மூட்டை

கம்பெனித் தீவனம் இனி ஒரு பிடிகூட என் குளத்தில் விழாது. கல்லறைத் திருநாளன்று, கோயிலிலிருந்து வந்த கையோடு வீட்டில் இதை அறிவித்தேன்.

என் மனைவி இன்னாசிமேரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அப்ப மீனு என்னாத்த தின்னும்? உங்க பேச்சையா?”

“ஆகாயத்தாமரை. வாய்க்கால்ல சும்மா கெடக்குது. நறுக்கி, தவிடு, வெல்லப்பாகு, மோரு கலந்து டிரம்முல புளிக்க வெச்சா மீனுக்கு விருந்து. மீன் வளக்குறவங்க மீட்டிங்ல சொன்னாங்க.”

“மூடியத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“அப்ப உங்களால ஆவாது மாமா.”

சோறு வேகும் பானையை மூன்று தடவை திறந்து பார்ப்பவன் நான். அந்த ரோஷத்தில் அவள் தம்பி மரிய ஜோசப்பிடம் பந்தயமே கட்டிவிட்டேன். தவக்காலத்தில் வலை இழுக்கும்போது மீன் தேறவில்லை என்றால் குளம் அவனுக்கு. அவன் அதைத் தூர்த்து வாழை வைப்பான். கன்றுக்குச் சொல்லியும் வைத்துவிட்டான்.

முதல் நாள் ஆசைக்கு மூடியைத் திறந்தேன். மறுநாள் சந்தேகத்துக்கு. அப்புறம் வருகிறவர்களுக்குக் காட்ட. காற்றுப் புகுந்து, தாமரை புளிக்காமல் அழுகியது. ஊதாப் பூவோடு மிதந்த செடிக்கு அப்படி ஒரு முடிவு வந்திருக்க வேண்டாம். மீன்கள் வந்தன, மோந்தன, மறுகரைக்குப் போய்விட்டன. அந்த நாற்றத்தில் என் மூக்கும் செத்தது.

சிதம்பரம் போனேன். கம்பெனித் தீவனம் ஒரு மூட்டை வாங்கி, மாட்டுப் புண்ணாக்கு என்று சொல்லி டவுன் பஸ்ஸில் ஏற்றி, மோட்டார் கொட்டகையில் ஒளித்தேன். விடியுமுன் இருட்டில் மக்கில் மொண்டு இறைத்தேன். பகலில் ஊர் பார்க்க டிரம்மைக் கிளறினேன்.

அந்த மூட்டை குறையவே இல்லை. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேரைப் பசியாற்றியது நினைவுக்கு வந்தது. பொய்யன் பக்கமும் ஆண்டவர் நிற்பாரா? வெட்கமாக இருந்தது. இறைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முறுக்கு இல்லை.

“அச்சக் காணல மாமா.”

நான் துருவவில்லை. மூட்டையை ஒளித்தவன் அச்சைத் தேடலாமா?

தவக்காலம் வந்தது. வலை இழுத்தார்கள். ஒவ்வொரு கட்லாவும் தூக்கக் கனத்த குழந்தை.

“தழையிலயா இவ்ளோ வளத்தி, மச்சான்?” மரிய ஜோசப்பின் முகம் வாழைச்சருகாகிவிட்டது.

“நம்பிக்கை வேணும்டா. பொறுமை வேணும்.”

பக்கத்துக் குளத்துத் தங்கராசு கையை நீட்டினார். “அந்தத் தீவனத்துல ஒரு பிடி குடுங்க, பாப்போம்.”

நான் டிரம்மை நோக்கி நடந்தேன். இன்னாசிமேரி மோட்டார் கொட்டகையை நோக்கி நடந்தாள். என் கால் நின்றுவிட்டது.

மூட்டையைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் கவிழ்த்தாள். கம்பெனிக் குருணையைக் காணோம். பழுப்புப் பச்சையில் காய்ந்த குச்சிகள். உடைத்துப்போட்ட முறுக்கு மாதிரி, வரிவரியாக.

தங்கராசு மோந்தார். “அட, இட்லி மாவு வாசன!”

“ஆகாயத்தாமரதாண்ணே. ஊறுகா மாதிரி இறுக்கி மூடிப் புளிக்க வெச்சு, அச்சுல பிழிஞ்சு, மாடியில காய வெச்சன்.”

என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “நீங்கதான் முட்டிவலின்னு மாடி ஏறவே மாட்டீங்களே. உங்க கம்பெனி மூட்டைய மொத வாரமே வாத்துக்குப் போட்டுட்டன். கொறையக் கொறைய இத ரொப்பனன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா தொறந்து பாப்பீங்க.”

“குளத்துமேல அவ்ளோ பாசமா?”

“கொளம் போயிட்டா நீங்க நாளெல்லாம் வூட்டுலல்ல இருப்பீங்க?”

குளம் மரிய ஜோசப்புக்குப் போகவில்லை. தங்கராசும் தீவனம் கேட்டு வருகிறார், என்னைத் தாண்டி நேராக அவளிடம்.

காணாமல் போன முறுக்கு அச்சும் கிடைத்துவிட்டது. இப்போது பிழிவது நான்.