உங்கள் தம்பி மாடியில் பருந்து எண்ணுகிறார்

பெங்களூரு
நவம்பர் 19

ஸ்ரீரங்கத்து அக்காவுக்கு ஜெயலக்ஷ்மி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் க்ஷேமம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் மொட்டை மாடி வரை கேட்கும் என்பதால்தான் இந்தக் காலத்திலும் கடுதாசி.

போன வாரம், "தம்பி நாள் பூரா வானத்தைப் பார்த்துண்டு நிக்கறானாமே, புத்தி சரியா இருக்கோன்னோ?" என்று அழாக்குறையாகக் கேட்டீர்கள். பேஷாக இருக்கிறார். ஏப்ரலில் ரிடையர் ஆன நாளிலிருந்து இப்போதுதான் நானும் பேஷாக இருக்கிறேன். அந்த ஆறு மாதம் நான் பட்டது உங்களுக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருஷ ஆபீஸையும் சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டார். டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் ஒட்டினார், குக்கர் விசிலுக்கு நேரம் குறித்தார், நான் கடுகு தாளித்தால் பின்னால் நின்று, "இவ்வளவு எதுக்கு?" என்றார், ஒருநாள் ஃப்ரிட்ஜ் கதவில் 'கறிவேப்பிலை விரயம்' என்று நோட்டீஸே ஒட்டிவிட்டார். நான் பெட்டி கட்ட இருந்தேன்.

அப்போது தெய்வம் மாதிரி வந்தாள், மேல் போர்ஷனில் குடியிருக்கும் நிருபமா. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஒழிந்த நேரத்தில் பறவை பார்ப்பாள். குளிருக்கு முன்னால் வடக்கேயிருந்து பருந்து, வல்லூறு எல்லாம் தெற்கே போகுமாம், அதை அங்கங்கே மாடியில் நின்று எண்ணிக் கணக்கு அனுப்புவார்களாம். "அங்கிள் ஃப்ரீயா இருப்பாரா ஆன்ட்டி?" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான், "ரொம்ப ஃப்ரீ" என்றேன். பைனாகுலர் கொடுத்தாள். ராமநாமம் எண்ண விரலில் மாட்டிக்கொள்கிறோமே, அந்தச் சின்ன மிஷினை இவரே எடுத்துக்கொண்டார்.

முதல் நாளே அறுபத்தொன்று! நிருபமா வந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இது நம்ம மட்டன் கடைக்கு மேல சுத்தற உள்ளூர்ப் பருந்து. நாலே நாலுதான், திரும்பத் திரும்ப எண்ணியிருக்கீங்க" என்று அடித்துவிட்டாள். மறுநாள் வெள்ளைக் கழுத்தோடு கருடன் வந்தது. நம்மாத்து மனுஷராச்சே, பைனாகுலரை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்லோகம் சொன்னார். கண்ணைத் திறப்பதற்குள் பின்னால் போன அசல் வெளியூர்ப் பருந்து இரண்டு காணாமல் போய்விட்டன. "கும்பிடறதுக்கு முன்னாடி எண்ணிடுங்க அங்கிள்" என்று அவள் கெஞ்சினாள். கேட்டால்தானே! முதல் ஐந்து நாளும் பூஜ்யம். ஆறாம் நாள் பதினோரு மணிக்கே முகம் தொங்கிப்போய் இறங்கிவந்து, பைனாகுலரை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "சாம்பாருக்குப் புளி எவ்வளவு போட்டே?" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். காப்பியைக் காட்டி அவரை மாடிக்குக் கூட்டிப்போய், சும்மா கையை நீட்டி, "அதோ பாருங்கோ!" என்றேன். "எங்கேடி?" என்றார். "போயிடுத்தே! ரெக்கை இவ்வளவு நீளம், தெற்கே போச்சு." உடனே நோட்டில் எழுதினார். மறுநாள் இரண்டு. இப்படியே இரண்டு வாரத்தில் பதினேழு பருந்து விட்டேன். அதோடு நிறுத்தினேனா? மாடிப்படியில் நிருபமா விசாரித்தபோது, "பதினேழு வந்தது" என்று பெருமையடித்துத் தொலைத்தேன். அவள் அசந்துபோய், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரைக் காமிராவோடு அழைத்து வருகிறேன் என்றாள். எனக்குத் தூக்கம் போயிற்று. ஆபீஸில் ஒரு எண்கூடத் தப்பாக எழுதாத மனுஷர், என்னால் ஊர் முன்னால் பொய்யராக நிற்கப் போகிறாரே!

ஞாயிறு வந்தார்கள். பத்தரை மணிவரை ஒன்றுமில்லை. "எந்தப் பக்கம் வரும் ஆன்ட்டி?" என்று காமிராக்காரன் என்னையே கேட்டான். பெருமாளே என்று கண்ணை மூடிக்கொண்டு வடக்கே கையைக் காட்டினேன். அக்கா, நிஜமாகவே வந்தது! மிளகு இறைத்தாற்போல் சின்னச் சின்ன வல்லூறுகள், கூட்டமாக. உங்கள் தம்பி கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை, விரல் மட்டும் டிக் டிக் என்றது. நாற்பத்துமூன்று! எல்லோரும் கை தட்டினார்கள். "எங்காத்துக்காரி கண்ணு யாருக்கு வரும்!" என்றார் இவர். நான் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது.

ஆகவே கவலை வேண்டாம். நவம்பர் முடியும்வரை பருந்து. டிசம்பரில் ஏரி ஏரியாகப் போய் வாத்து எண்ணலாம் என்று நிருபமா சொல்லியிருக்கிறாள். டப்பா நம்பரையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டேன். அத்திம்பேருக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தாயார் சன்னதியில் எனக்காகவும் ஒரு தரம் சேவித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஜெயலக்ஷ்மி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் மாடிக்குக் காப்பி கொடுக்கப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நோட்டு திறந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து: 'ஜெயா சொன்னவை 17. அனுப்பக் கூடாது. கண்ணாடி போடாமல் எதிர் வீட்டுத் துணிக்கொடியே இவளுக்குத் தெரியாது. பாவம், கீழே தனியாக இருக்க முடியாமல் காப்பி சாக்கில் ஓடி வருகிறாள். டிசம்பரில் வாத்து வேண்டாம். ஒன்றாம் தேதி முதல் சமையலறையில் இவளுக்குத் துணையாக இருக்க வேண்டும்.' படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு பிரியமா என்று பாதி அழுகை, மீதி டிசம்பரை நினைத்து. அக்கா, ஸ்ரீரங்கத்தில் டிசம்பரில் ஏதாவது பறவை வருமா? வராவிட்டாலும், வருகிறது என்று உங்கள் தம்பிக்கு உடனே ஒரு வரி எழுதுங்கள்.