தெசாங்காவின் சுண்ணாம்புப் போர்

வாழ்க, வெயில்தாங்கு விரிகுடைச் செல்வன்! வாழ்க, பன்னிறத் தூரிகை ஏந்திய முக்காலி வேந்தன்! கொசுப்படை கடித்தும் குலையாதவன், குளவி கொட்டியும் கோடு கோணாதவன், காற்றரக்கன் படச்சீலையைப் பறித்து ஆற்றில் எறிந்தபோது இடுப்பளவு நீரில் பாய்ந்து மீட்டவன், அறைக்குள் அமர்ந்து மலை வரைவோரை மனிதக் கணக்கிலேயே சேர்க்காதவன், வெலிபோர் என்னும் வெட்டவெளி ஓவியன்!

தன்யூப் ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் கோடைதோறும் ஓவியர் முகாம் கூடும். வீட்டுக்கு ஓர் ஓவியரென ஏற்று, மீன்குழம்பும் ப்ளம் சாராயமும் படைத்துப் பேணுவர் ஊரார். உண்டவன் ஒரு படத்தை ஊருக்கு விட்டுச்செல்வான். சிறந்த படம் ஊர்மன்றத்து நடுச்சுவர் ஏறும். ஏனையவை பின்கட்டில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குத் துணையிருக்கும். நம் காவலன் முப்பதாண்டுகளாகத் தீட்டியவை யாவும் கிழங்குகளையே மகிழ்வித்தன. அந்த நடுச்சுவருக்காக அவன் உயிரையும் கொடுப்பான்.

இம்முறை அவனுக்கு வாய்த்தது தெசாங்கா என்னும் கைம்பெண்ணின் வீடு. பாசி படர்ந்து, காரை உதிர்ந்து, விலாவெலும்பு தெரிய நின்ற அவளது கொல்லைச் சுவரைக் கண்டு கண்ணீர் மல்கினான். அதைப் படச்சீலையில் பாதி தீட்டிவிட்டு உறங்கப் போனான். விடிந்து வந்தால், சுவர் கொக்குபோல் வெளுத்து நின்றது.

"ஐயோ அக்கா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"பின்னே? ஊரே பாக்கப்போற படத்துல என் வீட்டுச் சுவரு பல்லை இளிச்சிட்டு நிக்கணுமா? உக்காந்து வரை தம்பி. மூலையில மட்டும் சாஞ்சிடாதே, இன்னும் ஈரம், ஒட்டிக்கப்போவுது."

சளைத்தானா வீரன்? சாய்ந்த வைக்கோல் கொட்டகைமேல் படையெடுத்தான். உண்டு மீள்வதற்குள் அது நிமிர்ந்து, நீலம் பூசி, பூந்தொட்டி சூடி நின்றது. சேறாடிய வாத்துகளிடம் தஞ்சம் புகுந்தான். அவற்றையும் குளிப்பாட்டியிருந்தாள் அக்கொடுங்கோல் தூய்மையாட்டி. இறுதியில் புதுச்சுவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, பழஞ்சுவரை நெஞ்சிலிருந்தே அகழ்ந்தெடுத்துப் பாசி பாசியாகத் தீட்டி முடித்தான். அவன் வாழ்நாளிலேயே சிறந்த படம் அதுதான்.

நிறைவு நாள் மாலை. விழாவுக்கென மன்றத்துச் சுவர்களை வெள்ளையடித்து முடித்து, வாளியும் கையுமாக நின்ற தெசாங்கா அப்படத்தைக் கண்டாள்.

"என் சோத்தைத் தின்னுட்டு, என் வீட்டை இப்பிடியாடா காட்டுவே!"

சுண்ணாம்பு மட்டை படத்தின்மேல் மின்னலெனப் பாய்ந்தது. ஒரே இழுப்பு. முப்பதாண்டுப் பாசியும் காரையும் வெண்மைக்குள் மாண்டன.

"அடேயப்பா, இப்பத்தான் நம்ம தெசாங்கா வீடு!" என்று ஆர்ப்பரித்தனர் ஊரார். "நடுச்சுவருக்கு இதுதான்யா!"

கண் சிவந்தது, மீசை துடித்தது. கலையன்னையின் மானங்காக்க, கோலேந்திய கூற்றுவனென எழுந்தான் வெலிபோர். அண்டம் நடுங்கும் சூளுரைக்க வாய் திறந்தான். திறந்த வாயோடு நடுச்சுவரை நிமிர்ந்து நோக்கினான்.

பிறகு ஆணி வாங்கக் கடைக்குப் போனான்.