கிரைண்டருக்குக் கடன் கேட்ட முள்ளம்பன்றி

ஒரு காட்டில், காடு என்றதும் அருவியையும் சந்தன வாசனையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம், மரத்துக்கு மரம் விளம்பரப் பலகை அடித்த காடு அது, அங்கே வேலாயி என்றொரு முள்ளம்பன்றி இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைத்து வந்தாள்.

ஒன்பது வருஷத் தொழில். வளைவாசலில் ஒரு கிரைண்டர், ஒரு அண்டா, ஒரு படி. அவ்வளவுதான் கடை. மாவில் முள் கிடந்தது என்று ஒரே ஒரு தடவை மான் ஒன்று சண்டைக்கு வந்தது. அன்றிலிருந்து முதுகில் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் அரைப்பாள். அத்தனை சுத்தம், அத்தனை நேர்மை. நேர்மையாக இருக்கிறவர்களுக்கு என்ன கதி என்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த வருஷம் வைகாசியில் யானைக் கூட்டத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண்ணைப் பெற்ற யானை, வேலாயியின் வளைக்கு நேரிலேயே வந்துவிட்டார்.

"ஆவணி முதல் முகூர்த்தம்மா. காலை டிபனுக்கு எண்ணூறு படி மாவு வேணும். இதை ஒழுங்கா பண்ணிக் குடுத்துட்டீன்னா, இனிமே எங்க கூட்டத்து விசேஷம் எல்லாத்துக்கும் நீதான்."

சொல்லிவிட்டு முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். யானை வீட்டு விசேஷம் என்றால் சும்மாவா? மாசத்துக்கு ரெண்டு காதுகுத்து, ஒரு வளைகாப்பு. வேலாயிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அவளுடைய கிரைண்டர் ஒரு தடவைக்கு நாலு படிதான் அரைக்கும். அதில் எண்ணூறு படியை அரைத்தால், கடைசி அண்டா நிரம்புவதற்குள் முதல் அண்டா மாவு புளித்துக் கள்ளாகிவிடும். கவிழ்த்து ஊற்றுகிற பெரிய டில்டிங் கிரைண்டர் ஒன்று வாங்கியே ஆகவேண்டும். கையில் காசில்லை. கடன்தான் வழி.

காட்டு வளர்ச்சி வங்கிக்குப் போனாள். மேலாளர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் மேல் தப்பு, அதற்குப் பெயர் பரிசீலனையாம்.

"சார், கிரைண்டர் வாங்கக் கடன் வேணும்."

கொக்கு ஒரு கண்ணைத் திறந்தார். "இதுக்கு முன்னாடி எங்கயாவது கடன் வாங்கியிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல சார். யாருக்கும் ஒத்தப் பைசா பாக்கி கிடையாது" என்றாள் வேலாயி பெருமையாக.

"அடடா" என்றார் கொக்கு, துக்க வீட்டில் கேட்கிற குரலில். "அப்படி இருக்கக் கூடாதும்மா. கடனே வாங்காதவங்கள நம்பி எப்படிக் கடன் கொடுக்கிறது?"

கொக்கு பெரிய மனசு பண்ணி ஒரு பட்டியலைக் கொடுத்தார். தொழில் பதிவுச் சான்று, மூன்று வருஷ வரவு செலவு, கிரைண்டருக்குக் கொட்டேஷன், வளைக்கு வாடகை ஒப்பந்தம், திட்ட அறிக்கை, எட்டு போட்டோ, அக்கம்பக்கத்து வியாபாரிகள் இரண்டு பேருடைய சிபாரிசுக் கையெழுத்து.

அவள் கணக்கை வளைச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டு வைத்திருந்தாள். ஒன்பது வருஷமும் ஒரு கோடு பிசகாது. ஆடிட்டர் நரியிடம் போய் இதைச் சொன்னதற்கு, "அப்ப சுவரைப் பேத்து எடுத்துட்டு வாங்க, சீல் அடிச்சுத் தர்றேன்" என்றார். கடைசியில் அவரே வந்து பார்த்து, மூன்று தாளில் எழுதி, சுவரில் இருந்ததை விட அழகான தொகைகளைப் போட்டு, ஒரு மாச வருமானத்தை ஃபீஸாக வாங்கிக்கொண்டு போனார். போட்டோக்காரர் முள்ளெல்லாம் சட்டத்துக்கு வெளியே போகிறது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார். இப்படியே வைகாசி மாசம் ஓடிப்போயிற்று.

மிச்சம் இருந்தது இரண்டு கையெழுத்து. பக்கத்து மரத்துக் குரங்கு சிங்காரம், 'சிங்காரம் டிபன் சென்டர்' என்று பலகை மட்டும் மாட்டியிருந்தான். அடுப்பு இன்னும் வரவில்லை, வருமா என்பதும் சந்தேகம்தான். எதிர்ப் புதரில் மயில் ரஞ்சிதம். அவளுடையது அழகு நிலையம். அங்கே அழகு பண்ணிக்கொள்கிற ஒரே வாடிக்கையாளர் ரஞ்சிதம்தான். இந்த இரண்டு உருப்படிகளிடமும் வேலாயி போய் நின்றாள். இரண்டு பேரும் உடனே கையெழுத்துப் போட்டார்கள். போடும்போதே, "எவ்வளவுக்கா தருவாங்க?" என்று கேட்டுக்கொண்டார்கள். அவள் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொன்னாள்.

பத்தே நாள். சிங்காரம் ஓடி வந்தான்.

"அக்கா, எனக்கும் லோன் ஓகே ஆயிரும் போல இருக்கு. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். கடையில சாமான் இருக்கான்னு பாப்பாங்களாம். உன் கிரைண்டரை ஒரு மணி நேரம் கொடுக்கா."

"நான் குடுத்த மனுவே இன்னும் அங்க கிடக்கு. உனக்கு எப்படிடா அதுக்குள்ள?"

"நான் கலர் தாள்ல குடுத்தேன்கா."

வேலாயிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் ஆயிற்றே, முகத்தை முறிக்க முடியுமா? மேலும் அந்தக் காட்டில் இது வழக்கம்தான். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அடுத்த கடைச் சாமான் இந்தக் கடைக்கு வரும், சாயங்காலம் திரும்பிப் போகும். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குகிற மாதிரி. நாலு காட்டுப்பன்றிகள் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிங்காரத்தின் மரத்தடியில் வைத்தன.

வங்கியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ஒரு ஓணான். எதைப் பார்த்தாலும் தலையாட்டுகிற ஜாதி. கிரைண்டரைப் பார்த்தார், ஆட்டினார். பலகையைப் பார்த்தார், ஆட்டினார். பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்துக் கிரைண்டர் நெற்றியில் அழுத்தி ஒட்டினார். 'காட்டு வளர்ச்சி வங்கியின் அடமானச் சொத்து. கடன்தாரர்: சிங்காரம்.'

சாயங்காலம் கிரைண்டர் திரும்பி வந்ததும் வேலாயி அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "என்னடா இது?"

"சும்மா ஸ்டிக்கர்கா. சீயக்காய் போட்டுத் தேச்சா போயிரும்."

சீயக்காய் போட்டாள், சாம்பல் போட்டாள், தேங்காய் நார் போட்டாள். போகவில்லை. வங்கிக்காரன் கடன் கொடுக்கத்தான் யோசிப்பானே தவிர, பசைக்கு என்றைக்குமே கஞ்சத்தனம் பண்ண மாட்டான்.

அடுத்த வாரம் ரஞ்சிதம் தோகையை ஆட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, அவனுக்கு மட்டும் குடுத்தியே, நான் உனக்குக் கையெழுத்துப் போடலையா?"

"அழகு நிலையத்துல கிரைண்டர் எதுக்குடீ?"

"மருதாணி அரைக்கன்னு எழுதிட்டேன்."

கிரைண்டர் எதிர்ப் புதருக்கும் போயிற்று. இந்தத் தடவை ஓணானுக்கே கொஞ்சம் உறுத்தியது. "ஏற்கெனவே ஒரு ஸ்டிக்கர் இருக்கே?"

"வங்கியே நம்பி ஒட்டின மெஷின் சார். இதை விட என்ன சார் அத்தாட்சி வேணும்?" என்றாள் ரஞ்சிதம்.

ஓணான் தலையாட்டினார். பக்கத்திலேயே இரண்டாவது ஸ்டிக்கர் ஏறிற்று. இரண்டு பேருக்கும் பணம் வந்துவிட்டது. சிங்காரம் புது பைக்கில் ஏறி அடுத்த காட்டுக்குப் போனவன், போனவன்தான். ரஞ்சிதம் மழை சீசன் என்று ஆடப் போய்விட்டாள். முதல் தவணை தேதி வந்தது. கட்ட யார் இருக்கிறார்கள்?

கடைசியாக வேலாயியின் முறையும் வந்தது. ஆடி பாதி. வளையைப் பெருக்கி, கோலம் போட்டு, கிரைண்டருக்குக் குங்குமம் வைத்துக் காத்திருந்தாள் பாவி. ஓணான் வந்தார். கிரைண்டரைப் பார்த்தார். தலை ஆடவில்லை. அவர் பிறந்ததிலிருந்து அந்தத் தலை நின்றது அன்றைக்குத்தான்.

"இது வங்கிச் சொத்தாச்சேம்மா. சிங்காரத்தோடதும் ரஞ்சிதத்தோடதும். உங்க கிரைண்டர் எங்கே?"

"இதுதான் சார் என்னுது! ஒன்பது வருஷமா இதுலதான் அரைக்கிறேன். ஊருக்கே தெரியும்."

"ஊர் சொல்றதை ஃபைல்ல வைக்க முடியாது. பில் இருக்கா?"

இருந்தது. அரிசிப் பானைக்கு அடியில், பாலிதீன் பைக்குள், மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருந்தது. எடுத்து நீட்டினாள். மிஷினில் அடித்துக் கொடுத்த அந்த வழவழப்புத் தாளில் ஒன்பது வருஷத்தில் எழுத்தெல்லாம் மறைந்துபோய், முன்னாலும் பின்னாலும் வெறும் வெள்ளை.

ஓணான் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கடன்தாரர் சொத்து உங்க வளைக்குள்ள எப்படி வந்துச்சு? போலீசுக்குப் போகாம விடுறதே பெரிய விஷயம், தெரிஞ்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மனுவில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார்.

வேலாயி அன்றைக்கு அழவில்லை. போகட்டும், பழைய கிரைண்டராவது இருக்கிறதே, ஐஸ் கடைக் கரடியிடம் பெட்டி வாடகைக்கு எடுத்து, மாவை அரைக்க அரைக்க அதில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். மூட்டை மூட்டையாக அரிசியும் உளுந்தும் வாங்கிப் போட்டாள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வங்கி வண்டி வந்தது. தவணை கட்டாத கடன்தாரர்கள் சிங்காரம், ரஞ்சிதம் ஆகியோரின் அடமானச் சொத்து ஜப்தி. அன்றைக்குத் தூக்கிக்கொடுத்த அதே நாலு காட்டுப்பன்றிகள்தான் கூலிக்கு வந்து தூக்கின. ஊற வைத்த உளுந்து அண்டாவிலேயே கிடந்தது.

விஷயம் தெரிந்து யானை வந்தார். காலியாகக் கிடந்த வளைவாசலை ஒரு பார்வை பார்த்தார். "உன்னைக் குத்தம் சொல்லலம்மா. ஆனா என் பொண்ணு கல்யாணம். பந்தியில வந்தவங்களுக்கு நான் கதையா பரிமாறுறது?" என்றார். பக்கத்துக் காட்டுப் பாக்கெட் மாவுக் கம்பெனிக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவள் எண்ணிக் கொடுத்தாள். அவர் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு, அப்புறம் அந்த அண்டாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஒன்பது வருஷமாகப் பல்லைக் கடித்துச் சேர்த்த மானம் ஒரு வாரத்தில் சந்தி சிரித்துவிட்டதே, அழாமல் என்ன செய்வாள்?

அழுது முடித்துவிட்டு வங்கிக்குப் போனாள்.

"சார், என் கிரைண்டரைக் குடுத்துருங்க. ஆர்டர் போனா போகுது. நாளைக்கு நான் கஞ்சி குடிக்கணும்."

கொக்கு இரண்டு கண்ணையும் திறந்தார். இரண்டு காலையும் ஊன்றினார். அவரை அப்படி யாரும் பார்த்ததே கிடையாது.

"தாராளமா எடுத்துக்கலாமே! நாளைக்கு ஏலம். சிங்காரம் பாக்கியும் ரஞ்சிதம் பாக்கியும் கூட்டி ஆரம்ப விலை வச்சிருக்கோம்."

தொகையைச் சொன்னார். அந்த விலைக்குப் புது டில்டிங் கிரைண்டரே இரண்டு வாங்கலாம்.

"என் பொருளை நானே வாங்கவா? அவ்வளவு பணத்துக்கு நான் எங்க சார் போவேன்?"

"நாங்க எதுக்கும்மா இருக்கோம்? ஏலத்துல எடுக்கிறவங்களுக்குன்னு தனிக் கடன் இருக்கே. கணக்கு வேண்டாம், திட்ட அறிக்கை வேண்டாம், சிபாரிசு வேண்டாம். இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து."

கால் மணி நேரத்தில் கடன் பாஸாகிவிட்டது. குடிக்க மோர் கூடக் கொடுத்தார்கள். மறுநாள் ஏலத்தில் வேலாயியைத் தவிர வேறு நாதியில்லை. பழைய கிரைண்டரை எவன் சீந்துவான்? ஓணான் தலையாட்டிக்கொண்டே வந்து, பழைய ஸ்டிக்கர்களுக்கு மேல் புது ஸ்டிக்கரை ஒட்டினார். 'காட்டு வளர்ச்சி வங்கியின் அடமானச் சொத்து. கடன்தாரர்: வேலாயி.' வங்கி வாசலில் மாட்டுவதற்காகக் கிரைண்டரின் பக்கத்தில் அவளை நிற்க வைத்துப் போட்டோவும் எடுத்தார்கள்.

போட்டோ எடுத்து முடிந்ததும் அவள் கொக்கிடம் கேட்டாள். "சார், தெரியாமத்தான் கேக்குறேன். மூணு மாசமா நான் இதே வாசல்ல வந்து இதே கடனைத்தானே கேட்டேன்?"

"கேட்டீங்க, கேட்டீங்க" என்று கொக்கு பழையபடி ஒரு காலை மடக்கினார். "அப்ப உங்ககிட்ட கிரைண்டர் இருந்துச்சேம்மா."

நீதி: கடன் கேட்கப் போகிறவர்களே, கையில் இருக்கும் பொருளை முதலில் பறிகொடுத்துவிட்டுப் போங்கள். அதை உங்களுக்கே விற்பதற்கென்றால், எந்த வங்கியும் ஓடோடி வந்து பணம் தரும்.