பூசுவதற்கு முன்

ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருப்பவனுக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று பள்ளிச் சான்றிதழில் இருக்கும், மற்றது முகத்தில் இருக்கும். இரண்டாயிரங்களின் நடுவில் எனக்குச் சான்றிதழில் முப்பது, முகத்தில் தாராளமாக நாற்பத்தைந்து. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரின் அவசரத்துக்கும் சாயப்பட்டறைக்காரரின் நிதானத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கியது. (அதில் சாம்பிள் துணியே வைக்கலாம் என்பார் எங்கள் கட்டிங் மாஸ்டர்.)

என் அண்ணன் நேரெதிர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். மூலனூரில் முருங்கைத் தோட்டம், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் முகம் மட்டும் கல்லூரி மாணவனுடையது. எங்களுக்கு ஒரே மூக்கு, ஒரே நெற்றி, ஒரே மீசை. வயது மட்டும் இடம் மாறிவிட்டது.

இதில் இருந்த ஆபத்து, முதன்முதலாகப் பெண் பார்க்கப் போனபோதுதான் புரிந்தது. பெண்ணின் அப்பா காப்பித் தட்டை அண்ணனிடம் நீட்டி, "எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்றார். என் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சர்க்கரை போடலாமுங்களா?" என்று கவலையோடு விசாரித்தார். மறுநாள் தரகர் போன் செய்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டதாம், அந்த நீலச் சட்டை அவ்வளவு பொருத்தமாம். நீலச் சட்டை போட்டிருந்தது அண்ணன்.

அந்த வாரம்தான் ரமேஷ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். கழுத்தில் டை, கையில் தோல்பை, பை நிறைய இளமை கிரீம். ஆண்களுக்கு நீல மூடி, பெண்களுக்கு ரோஸ் மூடி.

"சார், உங்க ஸ்கின் உங்ககிட்ட ஹெல்ப் கேக்குது சார்" என்றான்.

எங்கள் அக்கவுண்டன்ட் சரோஜா அக்கா இரண்டு டப்பாவையும் முகர்ந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, ரெண்டும் ஒரே மாதிரியில்ல வாசமடிக்குது?"

"வாசம் ஒண்ணுதான் மேடம், வேலை வேற. மாத்திப் பூசுனா லேடீஸுக்கு மீசை வர சான்ஸ் இருக்கு."

சரோஜா அக்கா நீல மூடியைச் சட்டென்று கீழே வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டேன். என் மீசையைப் பற்றி அவன் எதுவும் சொல்லாதது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. (அப்போது எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.)

முதலில் 'பூசுவதற்கு முன்' படம் எடுக்க வேண்டும் என்று ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே என்னை நிறுத்தினான்.

"சிரிக்காதீங்க சார். பையர் ஆர்டரை கேன்சல் பண்ணிட்டாருன்னு நெனைச்சுக்குங்க."

நினைத்தேன். படம் அருமையாக விழுந்தது. விளம்பரத்தில் போடலாமா என்று கேட்டான். பூசிய பின் வரப்போகும் அழகனை மனதில் வைத்து, தாராளமாகப் போடச் சொன்னேன்.

கிரீம் விளக்கெண்ணெய் மாதிரி பிசுபிசுத்தது. அதைப் பூசிக்கொண்டு பனியன் துணி பின்னும் ஹாலுக்குள் போகக் கூடாது என்று டப்பாவில் யாரும் எழுதவில்லை. அங்கே பஞ்சுத் தூசி எந்நேரமும் பறக்கும். பறந்ததெல்லாம் என் முகத்தில் வந்து உட்கார்ந்தது. புருவம், கன்னம், தாடை எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆக, அது தெரியாமல் அலுவலகத்துக்குள் நடந்தேன். திருநெல்வேலியிலிருந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த பெண் பதறி எழுந்து, "உக்காருங்க தாத்தா, யாரப் பாக்கணும்?" என்றாள்.

இருந்தாலும் நான் விடவில்லை. டப்பா காலியாகும்வரை பூசினேன். கண்ணுக்குக் கீழே இருந்த பைகள் முன்பைவிடப் பளபளத்தன, அவ்வளவுதான்.

'பூசிய பின்' படம் எடுக்க ரமேஷ் வந்த நாளில் நான் சாயப்பட்டறையில் இருந்தேன். முருங்கைக்காய்க் கட்டோடு என்னைப் பார்க்க வந்த அண்ணன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உன்ற ஆபீசுக்கு ஒரு தம்பி வந்தாப்ல" என்றார் அண்ணன் சாயங்காலம். "என்னையப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டான். கண்ணெல்லாம் கலங்கிருச்சு. போட்டோ எடுத்துக்கட்டுமான்னான். எடுத்துக்க கண்ணுன்னேன்."

"எதுக்குன்னு கேக்கலீங்களாண்ணா?"

"ஆசையாக் கேக்கறான், எதுக்குன்னு என்னத்தக் கேக்கறது?"

ஷிப்மென்ட் நெருக்கடியில் நானும் அதோடு மறந்துவிட்டேன்.

அடுத்த பெண் மடத்துக்குளத்தில். பெயர் சுமதி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காப்பித் தட்டோடு வந்தவள் அண்ணனைத் தாண்டி நேராக என்னிடம் வந்து நீட்டினாள். என் வாழ்க்கையில் முதன்முறையாகக் காப்பி சரியான ஆளிடம் வந்து சேர்ந்தது. இவளை விட்டுவிடக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

சுமதியின் அம்மா மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய், பளபளப்பான ஒரு நோட்டீஸோடு திரும்பி வந்தார். அண்ணனிடம் நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, இது நீங்கதானுங்களே?"

இடது பக்கம், எல்லாவற்றையும் இழந்தவன் போல நான்: 'பூசுவதற்கு முன்'. வலது பக்கம், வாயெல்லாம் பல்லாக அண்ணன்: 'பூசிய பின்'. கீழே நீல மூடியும் ரோஸ் மூடியும்.

"ஆமாங்க, நானேதானுங்க" என்றார் அண்ணன் பெருமையாக.

"அப்ப இது?"

"அது நானுங்க" என்றேன்.

அந்தம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது. "அண்ணன் விடாமப் பூசறாராட்டிருக்குது. நீங்க நிறுத்திட்டீங்களாங்க தம்பி?"

"அய்யோ, நான் பூசறதே இல்லீங்க" என்று அண்ணன் உண்மையைப் போட்டு உடைத்தார். "தேங்காயெண்ணெயோட செரி, அதுவும் தலைக்குத்தானுங்க."

அந்தம்மா மெல்ல உட்கார்ந்தார். "இந்தப் படத்தை நம்பி எனக்கொரு டப்பா, அவருக்கொரு டப்பா வாங்கினனுங்க. வேண்டா வேண்டான்னவரை உக்கார வெச்சுப் பூசி உட்டனுங்க."

அப்போதுதான் கவனித்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த சுமதியின் அப்பாவுக்கு முகம் எண்ணெய்ச்சட்டி போல மின்னியது. யாரையும் பார்க்காமல் தோளில் இருந்த துண்டை எடுத்து, மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

"இப்படி ஊரை ஏமாத்தறவங்க ஊட்டுக்குப் பொண்ணைக் குடுத்துட்டு நாளைக்கு யாருங்க அவஸ்தைப்படறது?" என்றார் அந்தம்மா.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். வேறு வழி தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நீலச் சட்டை, டை கட்டிய ரமேஷ், மீசை, பஞ்சு, கடைசியாக அந்தத் தாத்தா. தாத்தாவுக்கு வந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சுமதி நிலையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்னடி சிரிப்பு?" என்றார் அம்மா.

"இவரையே பேசி முடிச்சிருங்கம்மா" என்றாள் சுமதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவருக்கு இதுக்கு மேல வயசாகாது. ஆகறதெல்லாம் ஆயிருச்சு."

அவள் அப்பா துண்டுக்குள்ளேயே குலுங்கிச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தம்மாவால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது.

ரமேஷை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. (வழுக்கையில் முடி வளர்க்கும் தைலத்தோடு ஈரோடு பக்கம் திரிவதாகச் சரோஜா அக்கா சொன்னார்.) ஆனால் அவன் அச்சடித்த நோட்டீஸ் மடத்துக்குளத்தில் போகாத வீடில்லை. இன்றுவரை அந்த ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது. நான் 'முன்னாடி மாப்பிள்ளை', அண்ணன் 'பின்னாடியண்ணன்'. கல்யாண வீடுகளில் குடும்பப் படம் எடுக்கும்போது, யாரும் சொல்லாமலேயே என்னை இடது பக்கமும் அவரை வலது பக்கமும் நிறுத்திவிடுகிறார்கள்.

என் மாமியார் இன்னும் நம்பிக்கையை விடவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் வாசலிலேயே என்னை நிறுத்தி, தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறார். பிறகு உள்ளே பார்த்து மகளிடம் சொல்கிறார்:

"இன்னும் முன்னாடியேதான் இருக்கறாருடி."