பதினேழாவது ஆள்

எழுபத்தெட்டு மணி நேரமாக ஒரு பெரியவர் வீடு திரும்பவில்லை. அதனால் ஒரு நாட்டின் புள்ளிவிவரமே நின்றுபோயிருந்தது.

நாடு முழுவதும் உள்ள முதியோர் பகல் பராமரிப்பு நிலையங்களைத் தொலைபேசியில் கணக்கெடுப்பது அவன் வேலை. எந்தக் கணக்கையும் எப்படியாவது சரிக்கட்டிவிடுவான் என்பதால் ஆபீஸில் அவன் பெயர் 'கூட்டல்'. பாக்கி ஒரே ஒரு நிலையம். அங்கே காலையில் வந்தவர்கள் பதினேழு பேர், மாலையில் திரும்பியவர்கள் பதினாறு பேர். கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது.

"ஆறு மணிக்குள்ள முடிங்க கூட்டல்," என்றார் மேடம். "இல்லேன்னா அடுத்த வருஷ கான்ட்ராக்ட்ல உங்களைக் கழிச்சிடுவாங்க. மூணு நாளாத்தான் தூக்கக் கலக்கம் இல்லாம வர்றீங்க. அதைக் கெடுத்துக்காதீங்க."

அவன் நிலையத்தை அழைத்தான். எடுத்தவர் அந்த வாரம்தான் சேர்ந்த மேலாளர்.

"திங்கக்கிழமை காலையில விட்டுட்டுப் போன மகன் சார், அப்புறம் ஆளையே காணோம். ஃபோனையும் எடுக்க மாட்டேங்கிறான். இவரு ராத்திரியெல்லாம் நடந்துக்கிட்டே இருக்காரு. பேரு சொல்லட்டுமா?"

"பேரு வேண்டாங்க. எண்ணிக்கை போதும்."

"வயசு எழுபத்தாறு."

அவன் அதைத் திருத்தி எழுபத்தேழு என்று தட்டினான்.

"ராத்திரி நடக்கிறாருன்னா நல்லதாப் போச்சு. வாட்ச்மேன்னு போட்டுடுவோம். ஊழியர் தங்கலாம். வந்தவங்க பதினாறு, போறவங்க பதினாறு."

"பொய்யில்லையா சார்?"

"கையில ஒரு விசிலைக் கொடுத்திடுங்க. பொய் இல்லாம போயிடும்."

மாலையில் பதினாறு பேரும் கிளம்பியதை மேலாளர் உறுதிப்படுத்தினால் முடிந்தது. ஐந்தரைக்கு அவரே அழைத்தார்.

"சார், பெரியவர் கேட்டைப் பூட்டிட்டாரு. கூட்டிட்டுப் போக வந்தவங்க எல்லாம் தெருவுல நிக்கிறாங்க. 'மகன்னு சொன்னா உடனே நம்பிடணுமா'ன்னு கேக்குறாரு."

"இதுவரைக்கும் எத்தனை பேர் போயிருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல சார்."

"வேலையை விட்டு நிறுத்துங்க."

"நிறுத்தினேன். முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்தியாங்கிறாரு."

கூட்டல் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறுக்குப் பத்து நிமிடம்.

"அவர் மகன் வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லுங்க. திறந்திடுவாரு."

ஐந்தே நிமிடத்தில் மறுபடி மணி அடித்தது. "திறந்துட்டாரு சார். பதினாறு பேரும் போயாச்சு. ஆனா இவரு பையை எடுத்துக்கிட்டு கேட்டுக்கு வெளிய போய் நின்னுட்டாரு. எங்க ஆயா கூப்பிட்டுப் பாத்துட்டு இப்பதான் உள்ள வந்தாங்க. நகர மாட்டேங்கிறாரு. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

"கேட்டுக்கு வெளியவா?" கூட்டலின் குரலில் உயிர் வந்தது. "அப்ப எதுக்கு வாட்ச்மேன்? வந்தவங்க பதினேழு, வெளிய போனவங்க பதினேழு."

கம்ப்யூட்டர் பச்சை காட்டியது. நாட்டின் கணக்கு முடிந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்தபோது, ஸ்பீக்கரில் மேலாளரைத் தாண்டி ஆயாவின் குரல் கேட்டது.

"தினமும் காலையில 'ஆயா, அப்பாவைப் பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டுப் போற குரல்தானே தம்பி இது?"